சம்பந்தி வீட்டு முன்னோர் கென்டக்கிக்கு எந்த வழியாக வந்தார்கள்? 1850க்கு முன்னால் தடமே கிடைக்கவில்லை

வைகைக்கரையான்
எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்காரன். இப்போது ஆறு மாதமாக இந்தியானாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் இந்த ஊர்ப் பெண். பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டதும் ஐந்து தலைமுறை வந்துவிட்டது. மருமகள் பக்கம்தான் சிக்கல்.

சம்பந்தி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு பிஸ்கட் டின் நிறையக் காகிதம் வைத்திருக்கிறார். "மூன்று சகோதரர்கள், டேனியல் பூனோடு மலையைத் தாண்டி வந்தார்கள்" என்பது அவர் வீட்டுக் கதை. பூன் என்பவர் அப்பலாச்சியன் மலை வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டியவர். காகிதத்தில் இருப்பது வேறு. 1850 சென்சஸில் இவர்களுடைய மூத்தவர் இந்தியானா வாஷிங்டன் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறார், வயது 59, பிறந்தது கென்டக்கி. அவர் மகனோ 1880 சென்சஸில் "அப்பா பிறந்தது வர்ஜீனியா" என்று சொல்லியிருக்கிறார். இணையத்தில் யாரோ போட்டிருக்கும் மரம் இவர்களை இங்கிலாந்தில் ஒரு கோட்டைக்குள் கொண்டுபோய் விடுகிறது. எதை நம்புவது? குடும்பப் பெயரை இங்கே போடவில்லை, சம்பந்திக்குப் பிடிக்காது. ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஹாயோ_ஓரத்தான்
ஐயா, வணக்கம். என் மனைவி வீட்டுக்காக இதே வேலையில் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

முதலில் அப்பாவையும் மகனையும் சமாதானம் செய்துவைப்போம். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 1850இல் 59 வயது என்றால் பிறந்தது 1791 வாக்கில். கென்டக்கி தனி மாநிலம் ஆனது 1792 ஜூன் 1ஆம் தேதி. அதற்கு முந்தின நாள் வரை அது வர்ஜீனியாவின் மேற்குக் கவுண்டிகள். ஆள் நகரவே இல்லை, மாநிலம்தான் அவர் தலைக்கு மேல் மாறியது. கணக்கெடுக்க வந்தவரிடம் ஒருவர் இன்றைய பெயரைச் சொன்னார், இன்னொருவர் அன்றைய பெயரைச் சொன்னார்.

கவுண்டியும் இப்படித்தான். 1776இல் முழுக் கென்டக்கியும் ஒரே கவுண்டி. 1780இல் ஜெபர்சன், பேயட், லிங்கன் என்று மூன்றாக வெட்டினார்கள். இன்று 120. காகிதத்தைத் தேடும்போது அந்த வருடம் அந்த இடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பார்க்காமல் போனால் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் சென்சஸ். 1850 முதல்தான் வீட்டில் இருந்த சுதந்திர மனிதர்கள் எல்லோருடைய பெயரும் இருக்கும். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயதுக் கட்டத்தில் விழுந்த எண்கள். கென்டக்கிக்கு 1790, 1800 இரண்டுமே தொலைந்துபோய்விட்டன. இப்போது இருக்கும் பட்டியல் வரிப் பதிவுகளிலிருந்து பிற்காலத்தில் திரட்டியது. அதனால்தான் உங்களுக்கு 1850இல் சுவர் இடிக்கிறது. ஆளைத் தேடுவதை நிறுத்துங்கள். நிலத்தைத் தேடுங்கள்.

மிளகாய்ப்பொடி
எச்சிலைத் துப்பி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. இவ்வளவு பாடு எதற்கு?

ஓஹாயோ_ஓரத்தான்
தம்பி, எச்சில் "இந்த ஆளும் நீயும் ஏதோ ஒரு வழியில் சொந்தம்" என்று சொல்லும். எந்த வழி என்று சொல்லாது. ஆறேழு தலைமுறை தாண்டினால் ஒரு முன்னோரிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும் பங்கு ஒரு சதவீதத்துக்கு மேலே கீழே. அவர் எந்தக் கணவாய் வழியாக வந்தார் என்பதை அதில் எங்கே போய்ப் படிப்பது?

பழம்பத்திரம்
நில அளவைத் துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் மூக்கை நுழைக்கிறேன். கென்டக்கி பழைய பத்திரங்களைப் பார்த்தால் நம்ம ஊர் செக்குபந்தி ஞாபகம்தான் வரும். "வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே 120 'போல்' போய் இரண்டு ஹிக்கரி மரம், அங்கிருந்து ஓடை வளைவோடு போய், இன்னார் எல்லையைத் தொட்டு" என்று போகும். ஒரு போல் என்பது பதினாறரை அடி, நான்கு போல் சேர்ந்தால் ஒரு சங்கிலி, 66 அடி, நூறு லிங்க். நம் பழைய புல வரைபடங்களில் இருந்த அதே கண்டர் சங்கிலிதான். ஒரு சென்ட் என்றால் ஆயிரம் சதுர லிங்க் என்று பயிற்சியில் மனப்பாடம் செய்தது இன்னும் மறக்கவில்லை.

நம் வரைபடத்தில் இல்லாத ஒரு விஷயம் அவர்களுடையதில் உண்டு. சங்கிலி பிடித்த இரண்டு பேர் பெயரையும், மரத்தில் வெட்டுக்குறி போட்டவன் பெயரையும் அளவைத் தாளின் அடியில் எழுதிவிடுவார்கள். காட்டுக்குள் சங்கிலி பிடிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்காத காலம். மச்சான், தம்பி, பக்கத்து நிலத்துக்காரன், இவர்கள்தான் வருவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த அடிக்குறிப்பு.

இந்தியானாவில் இந்த மரக்கதை எல்லாம் இல்லை. 1785 சட்டப்படி சதுரம் சதுரமாக அறுத்துவைத்துவிட்டு விற்றார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்ணைச் சொன்னால் இடத்தை இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டலாம். அங்கே அவர் பெயரில் அரசுப் பட்டா ஏதாவது இருக்கிறதா?

வைகைக்கரையான்
இருக்கிறது சார்! மத்திய அரசின் நிலப் பதிவுத் தளத்தில் இலவசமாகவே படம் கிடைத்தது. ஜெபர்சன்வில் நில அலுவலகம், 160 ஏக்கர், 1821. ஆக 1821இல் இந்தியானாவுக்கு வந்திருக்கிறார், சரிதானே?

ஓஹாயோ_ஓரத்தான்
அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். 1820 வரை அரசு நிலத்தைக் கடனுக்கு விற்றது. ஏக்கர் இரண்டு டாலர், 160 ஏக்கருக்கு 320 டாலர். கால் பங்கு, அதாவது 80 டாலர், முதலில் கட்டினால் நிலத்தில் குடியேறலாம். மீதி தவணை. கடைசித் தவணை முடிந்த பிறகுதான் பட்டா கையெழுத்தாகி வரும். 1821 பட்டா என்றால் அவர் 1815, 1816 வாக்கிலேயே அங்கே குடிசை போட்டிருக்கலாம். 1819 பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ பேர் தவணை கட்ட முடியாமல் நிலத்தை விட்டார்கள். இவர் கட்டி முடித்திருக்கிறார், கெட்டிக்காரர்தான்.

கல்வெட்டுக்காரி
இந்தக் குடும்பத்தின் பாதையைப் பார்த்தால் ஆபிரகாம் லிங்கன் வீட்டுக் கதை ஞாபகம் வருகிறது. தடம் பிடிப்பதைப் பழக அதைவிட நல்ல மாதிரி இல்லை. 1637இல் மாசசூசெட்ஸில் இறங்கிய சாமுவேல் லிங்கனின் சந்ததி பென்சில்வேனியாவுக்குப் போகிறது. லிங்கனின் கொள்ளுத்தாத்தா ஜான் 1760களில் அங்கிருந்து வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்குக்கு வருகிறார். தாத்தா 1780களின் தொடக்கத்தில் கென்டக்கி. 1786இல் வயலில் இருந்தபோது பூர்வகுடிகள் தாக்கி அவர் இறந்தார். மூத்த மகனுக்கே மொத்த நிலமும் என்ற பழைய சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. இளையவர் தாமஸுக்கு ஒன்றும் இல்லை. அவர் பாடுபட்டுத் தனியாக வாங்கிய பண்ணைகளிலும் பத்திரத் தகராறு. வெறுத்துப்போய் 1816 டிசம்பரில் ஓஹாயோ ஆற்றைத் தாண்டி இந்தியானாவுக்குப் போனார். 1830இல் இல்லினாய்ஸ்.

இந்தியானாவுக்குப் போனது ஓரளவு அடிமை முறையினால், ஆனால் முக்கியமாகக் கென்டக்கியின் நிலப் பத்திரச் சிக்கலால் என்று மகன் லிங்கனே பின்னால் எழுதியிருக்கிறார். மேற்கே போனவர்கள் எல்லோரும் சாகசத்துக்காகப் போகவில்லை. பல பேர் வழக்கில் தோற்றுப் போனவர்கள். டேனியல் பூனே கென்டக்கியில் நிலத்தை எல்லாம் இழந்து 1799இல் மிசூரிக்குப் போனவர்தான்.

பழம்பத்திரம்
அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. வர்ஜீனியாவின் 1779 சட்டம் அப்படி. 1778க்கு முன்னால் குடியேறியவனுக்கு 400 ஏக்கர், அதையொட்டி இன்னும் 1000 ஏக்கர் வாங்க முன்னுரிமை. ஆனால் அரசு முதலில் அளந்து கல் நடவில்லை. அவனவன் போய் அவனவனுக்குப் பிடித்த மரத்தில் தொடங்கினான். ஒரே நிலத்தின்மேல் மூன்று பேர் பத்திரம் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். மூலப்பத்திரம் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

செங்கோட்டை_மாமா
எனக்கு ஒரு சந்தேகம். எல்லோரும் கணவாய், கணவாய் என்கிறீர்கள். கென்டக்கிக்குப் பெருங்கூட்டம் ஆற்று வழியாகவும் வந்ததே? பிட்ஸ்பர்க் பக்கம் தட்டைப் படகு கட்டி, மாட்டையும் கோழியையும் ஏற்றிக்கொண்டு ஓஹாயோ ஆற்றில் விட்டால் லைம்ஸ்டோனிலோ லூயிவில்லிலோ இறங்கலாம். எதிர்நீரோட்டத்தில் திரும்பப் போக முடியாது என்பதால் படகைப் பிரித்து அதே பலகையில் வீடு கட்டினார்கள். இவர்கள் மலையைத் தாண்டினார்கள் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

ஓஹாயோ_ஓரத்தான்
மாமா, நான் உறுதியாகச் சொல்லவில்லை, சம்பந்தி சொல்கிறார். பூன் 1775இல் முப்பது பேர் அளவில் கோடாரி ஆட்களை வைத்து கம்பர்லேண்ட் கணவாய் வழியாக வெட்டிய பாதையில் 1796 வரை வண்டியே போக முடியாது. குதிரை முதுகிலும் நடந்தும்தான். பென்சில்வேனியாக்காரர்களுக்கு ஆறு சுலபம். ஷெனன்டோவா பள்ளத்தாக்கிலும் கரோலினாவிலும் இருந்தவர்களுக்குக் கணவாய் பக்கம். அதனால் வழியைத் தெரிந்துகொள்ள முதலில் கிளம்பிய ஊர் தெரிய வேண்டும். அக்கம்பக்கத்தாரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். தனிக் குடும்பமாக யாரும் காட்டுக்குள் போகவில்லை. 1781இல் லூயிஸ் கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகர் வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியாவிலிருந்து தன் சபையையே கிளப்பிக்கொண்டு கென்டக்கிக்குப் போனார், நூற்றுக்கணக்கான பேர்.

ஐயா, சம்பந்தி வீட்டார் பாப்டிஸ்டா? அப்படியானால் சபைக் குறிப்பேடுகளைப் பாருங்கள். ஊரை விட்டுப் போகிறவருக்குச் சபை ஒரு கடிதம் கொடுத்து அனுப்பும், புது ஊர்ச் சபை அதை வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பதிவு இருக்கும்.

வைகைக்கரையான்
பாப்டிஸ்ட்தான். போன சனி, ஞாயிறு சம்பந்தியும் நானும் அவர் பழைய பிக்கப் வண்டியில் சுற்றினோம். இரண்டு பேருக்கும் மொழி பாதிதான் புரியும், ஆனால் பத்திரம் தேடுவதில் ஒரே வெறி. சபைக் குறிப்பேட்டில் "கென்டக்கி ஷெல்பி கவுண்டிச் சபையிலிருந்து கடிதத்தோடு சேர்ந்தவர்கள்" என்று 1816இல் கணவன் மனைவி பெயர் இருக்கிறது!

அதைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை ஷெல்பி கவுண்டிக்குப் போனோம். பத்திரப் புத்தகத்தில் 1818இல் ஒரு கிரயம். "இந்தியானா வாஷிங்டன் கவுண்டியில் வசிக்கும்" என்று ஆளை அடையாளம் சொல்லி, இறந்துபோன தகப்பனார் நிலத்தில் தனக்குள்ள ஏழில் ஒரு பங்கை அண்ணனுக்கு விற்றிருக்கிறார். தகப்பனார் பெயர் கிடைத்துவிட்டது! அவர் கையெழுத்து கொஞ்சம் கோணல். மனைவி எழுதத் தெரியாதவர், பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி. சம்பந்தி அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. அலுவலகம் மூடும் நேரம் என்று வந்து சொன்னார்கள்.

இப்போது வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். நான் மூன்று வாரமாக இந்தியானாப் பத்திரங்களிலேயே அவருடைய அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஓஹாயோ_ஓரத்தான்
எல்லோரும் செய்வதுதான் ஐயா. போன ஊரில் அவர் புது ஆள், விட்டுவந்த ஊரில்தான் அவர் யார் மகன் என்பதற்குக் காகிதம் இருக்கும். ஏழில் ஒரு பங்கு என்றால் உயில் இல்லாத பாகம் மாதிரி தெரிகிறது. அப்போது மூத்தவனுக்கே மொத்தமும் என்ற சட்டம் போய்விட்டது. மற்றவர்கள் விற்ற பத்திரங்களையும் தேடுங்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் வந்துவிடுவார்கள். மகள்கள் புருஷன் பெயரோடு வருவார்கள். "மூன்று சகோதரர்கள்" கதை அங்கேயே தீர்ந்துவிடும். எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் மூன்று சகோதரர்கள்தான், நான்கு பேர் வந்ததாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்வெட்டுக்காரி
ஷெல்பி கவுண்டியா! அப்படியானால் பூன் கதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1780இல் அங்கே 'பெயின்டட் ஸ்டோன்' என்ற கோட்டைக் குடியிருப்பை அமைத்தவர் ஸ்குவயர் பூன், டேனியலின் தம்பி. அடுத்த வருடமே தாக்குதலுக்குப் பயந்து அதைக் காலி செய்து லூயிவில் பக்கம் போகும் வழியில் லாங் ரன் என்ற இடத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். ஸ்குவயர் பூனும் நிலத் தகராறுகளில் நொந்து கடைசியில் தெற்கு இந்தியானாவுக்குப் போய் 1815இல் அங்கேயே இறந்தார். "பூனோடு வந்தோம்" என்று பாட்டி சொன்னது தம்பியை. கேட்ட பேரன்களுக்கு அண்ணன் பெயர்தான் தெரியும். இது என் ஊகம், ஆனால் பொருந்துகிறது.

வைகைக்கரையான்
சம்பந்தியிடம் சொன்னேன். தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அந்தப் பங்குப் பத்திரங்களில் நான்கு கிடைத்தன. கூடவே தகப்பனார் இறந்த பிறகு எடுத்த சொத்துப் பட்டியலும். இரண்டு ஏர், ஒரு நூற்புச் சக்கரம், எட்டு பசு, ஒரு பைபிள். அதே வரிசையில், பசுவுக்கு அடுத்தபடியாக, ஒரு பெண், ஒரு பையன். பெயரும் விலையும் போட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகு வண்டியில் வரும்போது சம்பந்தி அதிகம் பேசவில்லை. பேத்தியிடம் சொல்ல வேண்டுமா என்று மருமகள் யோசிக்கிறாள்.

கல்வெட்டுக்காரி
சொல்லுங்கள் ஐயா. அது மட்டும் போதாது, அந்த இரண்டு பெயரையும் வருடத்தோடும் கவுண்டியோடும் இணையத்தில் போடச் சொல்லுங்கள். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும், அவர்களுக்கு வயது, பாலினம், நிறம் இவ்வளவுதான். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870 சென்சஸில்தான். அவர்களுடைய சந்ததி தன் பாட்டியைத் தேடும்போது கிடைக்கக்கூடிய ஒரே காகிதம் உங்கள் சம்பந்தி கையில் இருக்கும் இந்தப் பட்டியலாக இருக்கலாம்.

அந்த 160 ஏக்கரும் யாரோ இருந்த நிலம்தான். தெற்கு இந்தியானாவை டெலவேர், மயாமி முதலான பூர்வகுடிகளிடமிருந்து கவர்னர் ஹாரிசன் 1804, 1805 ஒப்பந்தங்களில் எழுதி வாங்கிய பிறகுதான் அந்தச் சதுரங்கள் எல்லாம் விற்பனைக்கு வந்தன. வில்லங்கம் பார்ப்பதென்றால் அங்கிருந்து பார்க்க வேண்டும்.

மிளகாய்ப்பொடி
அந்தக் கோட்டைக்காரர் மரம் என்ன ஆச்சு? நான் எட்டிப் பார்த்தேன். அதில் ஒருத்தர் பிறக்கும்போது அவர் அம்மாவுக்கு ஆறு வயது. 😀 டிஎன்ஏவை விட்டுவிட்டேன், பத்திரமே மேல்.

வைகைக்கரையான்
அந்த மரத்தைப் போட்டவருக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. விட்டாச்சு.

செங்கோட்டை மாமா கேட்டதற்கு இப்போது ஓரளவு பதில் சொல்ல முடியும். பழம்பத்திரம் சார் சொன்னபடி கென்டக்கி நில அலுவலகப் பதிவில் தகப்பனார் நிலத்தின் அளவைத் தாளைப் பார்த்தேன். 1785. அடியில் சங்கிலி பிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர் தம்பி போலிருக்கிறது. இன்னொருவர் வேறு குடும்பப் பெயர். அந்தப் பெயரை அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப் போரில் சண்டையிட்டவர்களின் ஓய்வூதிய மனுக்களில் தேடினேன். 1832 சட்டப்படி மனு கொடுத்தவர்கள் எங்கே பிறந்தோம், எங்கெல்லாம் இருந்தோம் என்று கோர்ட்டில் வாய்மொழியாகச் சொல்ல வேண்டுமாம். இந்த மனிதர் 1833இல் அதே ஷெல்பி கவுண்டியில் சொல்லியிருக்கிறார். ஆகஸ்டா கவுண்டியில், அதாவது ஷெனன்டோவா பள்ளத்தாக்கில், பிறந்தவர். போர் முடிந்த பிறகு ஹோல்ஸ்டன் ஆற்றுப் பக்கம் ஒரு குளிர்காலம் தங்கி, அக்கா குடும்பத்தோடு கணவாய் வழியாகக் கென்டக்கிக்கு வந்தாராம். அக்கா பெயரையோ மச்சான் பெயரையோ சொல்லவில்லை. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செங்கோட்டை_மாமா
அக்கா குடும்பம் என்பது உங்கள் ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? சங்கிலி பிடித்தவன் எல்லாம் மச்சான் ஆகிவிடுவானா?

ஓஹாயோ_ஓரத்தான்
நியாயமான கேள்வி. இப்போதைக்கு இது நல்ல ஊகம், அவ்வளவுதான். ஆகஸ்டா கவுண்டி வரிப் பட்டியலில் 1782 முதல் இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறதா, 1784, 85இல் இரண்டும் ஒன்றாக மறைகிறதா என்று பாருங்கள். வரி வசூலிக்க முடியாதவர்கள் பட்டியல் தனியாக இருக்கும், அதில் "கென்டக்கிக்குப் போய்விட்டான்" என்று சில இடங்களில் எழுதிவைத்திருப்பார்கள். வரி பாக்கி வைத்துவிட்டுப் போனவன்தான் நமக்கு உபகாரி. திருமணப் பதிவு கிடைத்தால் மாமாவும் ஒத்துக்கொள்வார்.

வைகைக்கரையான்
அதற்குள் பேத்தி தாளைக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. 1785 தம்பதியில் கணவன் பெயரை எழுதினாள், மனைவிக்குக் கட்டத்தைக் காலியாக விட்டாள். "சங்கிலிக்காரர் அக்கா" என்று எழுதலாமா என்று கேட்டாள், தாத்தா இன்னும் ஆதாரம் பார்க்கவில்லை என்றேன். அதற்குக் கீழே 1818 பத்திரத்து மனைவிக்கு, பெயருக்குப் பக்கத்தில் பத்திரத்தில் இருந்த மாதிரியே ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். டீச்சர் தப்பு என்று அடித்துவிடுவாரோ என்று எனக்குக் கவலை.

பழம்பத்திரம் சார், அந்த 1785 அளவைத் தாளின் படம் தனியாக அனுப்பியிருக்கிறேன். வரைந்து பார்க்க முடியுமா?

பழம்பத்திரம்
ராத்திரியே உட்கார்ந்து வரைந்துவிட்டேன். ஐந்து கோடு போகிறது, ஆறாவது கோடு தொடங்கின ஓக் மரத்துக்கு வந்து சேர மாட்டேன் என்கிறது. நாலாவது வரியில் "கிழக்கு" என்று நான் படித்தது "மேற்கு" என்று மாற்றிப் போட்டால் கிட்டத்தட்ட மூடுகிறது. அந்த இடத்தில் மை ஊறியிருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் வெளிச்சத்தில் வைத்து மறுபடி படம் எடுத்து அனுப்புங்கள்.